எளிய வீடியோ எடிட்டிங்கில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கைப்பேசியில் எடுத்த காட்சிகளை எளிய எடிட்டிங் மென்பொருளில் கோத்துப் படமாக்குபவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்பது அறிகுறிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஓப்பன்ஷாட், ஷாட்கட், ஐமூவி, கிளிப்சாம்ப் என்று மென்பொருள் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. ஆனால் பிழை பெரும்பாலும் மூலக் கோப்பில் இருப்பதால் அந்த உழைப்பு வீணாகிறது.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் புராஜெக்ட் கோப்பை (உங்கள் எடிட்டிங் வேலையை மென்பொருள் சேமித்து வைக்கும் கோப்பை) வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, பழையதைத் தொடாமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். அடுத்து, கோளாறு தெரியும் கிளிப்பின் (காட்சித் துண்டின்) மூலக் கோப்பை எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, வி.எல்.சி. போன்ற பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு இருந்தால் குற்றம் மூலக் கோப்பினுடையது. அங்கே சரியாக ஓடி, கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் மட்டும் கெட்டுத் தெரிந்தால் புராஜெக்ட் அமைப்பையோ கணினியின் வேகத்தையோ பார்க்க வேண்டும். டைம்லைனிலும் சரியாக இருந்து, எக்ஸ்போர்ட் செய்த (முடிந்த படமாக வெளியே சேமித்த) படத்தில் மட்டும் கெட்டிருந்தால் எக்ஸ்போர்ட் அமைப்பில் தேட வேண்டும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். கீழே உள்ள எந்தப் பகுதிக்குச் செல்வதானாலும் இதை முடித்துவிட்டே செல்லுங்கள்.

அறிகுறி 1: கிளிப் உள்ளே வரவில்லை, அல்லது ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கிறது

வி.எல்.சி.யில் ஓடுகிறது என்றால்: கோப்பு நல்ல கோப்புதான், அதன் பதிவு முறையை உங்கள் மென்பொருளால் படிக்க முடியவில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐஃபோன் 7உம் அதற்குப் பிந்தைய ஐஃபோன்களும், வேறு அமைப்பைத் தேர்ந்தெடுக்காதவரை, ஹெச்.265 எனப்படும் ஹெச்.இ.வி.சி. முறையில் பதிவு செய்கின்றன. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அந்த வசதி உண்டு. செலவில்லாத முதல் வழி, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கிளிப்பை ஹெச்.264 முறையிலான எம்.பி.4 கோப்பாக மாற்றிக்கொண்டு, மாற்றிய கோப்பை டைம்லைனில் சேர்ப்பது. அடுத்த முறை படமெடுக்கும்போது ஐஃபோனின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை என்றால்: கைப்பேசியில் அல்லது கார்டில் இருக்கும் மூலக் கோப்பின் அளவையும் கணினிக்கு வந்த கோப்பின் அளவையும் ஒப்பிடுங்கள். அளவு குறைந்திருந்தால் நகலெடுத்தல் பாதியில் அறுந்திருக்கிறது. மீண்டும் நகலெடுத்தால் போதும். அளவு சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், பதிவு செய்துகொண்டிருந்தபோதே பேட்டரி தீர்ந்து, கோப்பு முறையாக முடிக்கப்படாமல் நின்றிருக்கலாம். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த வேறொரு நல்ல கிளிப்பைத் துணையாக வைத்து, இத்தகைய கோப்பைச் சீரமைக்கும் அன்ட்ரங்க் போன்ற கருவிகள் உள்ளன. பிரதியில் மட்டும் முயன்று பாருங்கள்.

நிபுணரிடம் செல்ல வேண்டிய நிலை: மெமரி கார்டையே கணினி அடையாளம் காணவில்லை, அல்லது கோப்புகள் அழிந்துவிட்டன என்றால், அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு புகைப்படம்கூட எடுக்காதீர்கள். புதிதாகப் பதிவாகும் ஒவ்வொன்றும் பழைய காட்சியின் மேல் எழுதப்படக்கூடும். மீண்டும் எடுக்க இயலாத காட்சி என்றால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, தரவு மீட்பு செய்பவரிடம் நேராகக் கொடுத்துவிடுவதே நல்லது.

அறிகுறி 2: நேற்று இருந்த கிளிப்புகள் இன்று ‘காணவில்லை’ என்று காட்டுகின்றன

புராஜெக்ட் கோப்புக்குள் உங்கள் காட்சிகள் இல்லை என்பதை அறியாமல் பலர் தவிக்கிறார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அந்தக் கோப்பு, எந்தக் கிளிப் எங்கே இருக்கிறது, எந்த நொடியில் வெட்டப்பட்டது என்ற குறிப்புகளை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே மூலக் கோப்பின் இடமோ பெயரோ மாறினால் இணைப்பு அறுந்துவிடும்.

கோப்பை நகர்த்தினீர்களா, பெயர் மாற்றினீர்களா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். பழைய இடத்தில் பழைய பெயரில் வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தால் எல்லாம் தானாகத் திரும்பி வரும். பென் டிரைவிலிருந்தோ வெளி ஹார்டு டிஸ்கிலிருந்தோ நேரடியாக வேலை செய்திருந்தால், அது இப்போது செருகப்பட்டிருக்கிறதா, விண்டோஸ் அதற்கு முன்பு கொடுத்த அதே டிரைவ் எழுத்தைத்தான் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ‘இ’ டிரைவாக இருந்தது ‘எஃப்’ ஆனாலே அனைத்துக் கிளிப்புகளும் மறைந்துபோகும். கிளவுட் சேமிப்போடு இணைந்த ஃபோல்டராக இருந்தால், பெயர் மட்டும் கணினியில் தெரிந்து கோப்பு இணையத்தில் இருக்கக்கூடும். அதை முழுவதும் இறக்கிக்கொள்ள வேண்டும். இவை எதுவும் பலிக்கவில்லை என்றால், காணாமல்போன கிளிப்பை வலச்சொடுக்கி, கோப்பின் புதிய இடத்தைக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு படத்துக்கு ஒரே ஃபோல்டர், அதற்குள்ளேயே காட்சி, இசை, புகைப்படம், புராஜெக்ட் கோப்பு அனைத்தும் என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வேறு கணினிக்கு மாற்றும்போது ஃபோல்டர் முழுவதையும் எடுத்துச் செல்லுங்கள்.

பழைய விண்டோஸ் மூவி மேக்கர் புராஜெக்ட்டைத் திறக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கான ஆதரவு 2017 ஜனவரி 10 அன்று நிறுத்தப்பட்டது. மற்ற எளிய மென்பொருள்கள் அதன் புராஜெக்ட் கோப்பைப் படிப்பதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் போலிப் பதிப்புகள் உலவுகின்றன. அவற்றை நிறுவ வேண்டாம். மூலக் கிளிப்புகளை வைத்துப் புதிதாக அடுக்குவதே பாதுகாப்பான வழி.

அறிகுறி 3: உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை

மிகுந்த நேரத்தைத் தின்னும் கோளாறு இதுதான். சரியான கிளையைப் பிடிக்காவிட்டால் நாள்கணக்கில் உழைத்தும் பயன் கிடைக்காது.

முதலில் காதில் இருப்பது புளூடூத் ஹெட்போனா என்று பாருங்கள். ஒலி அதன் வழியே வந்துசேரச் சற்றுத் தாமதமாகும். படத்தில் பிழையே இல்லாமலும் பிழை இருப்பதுபோல் தோன்றும். கம்பி ஹெட்போனிலோ கணினியின் ஸ்பீக்கரிலோ கேட்டுச் சரியாக இருந்தால், அதோடு விட்டுவிடலாம்.

பிழை உண்மையானது என்றால் அதை அளக்க வேண்டும். ‘அப்பா’, ‘அம்மா’ போல உதடு மூடித் திறக்கும் சொல் வரும் இடங்களைப் படத்தின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று என்று தேர்ந்தெடுங்கள். டைம்லைனைப் பெரிதாக்கி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக (வீடியோவை உருவாக்கும் தனித்தனி நிலைப்படமாக) நகருங்கள். ‘அப்பா’ என்ற சொல்லில் ‘ப்’ வரும் கணத்தில் ஒலியலை தட்டையாகி, அடுத்து ‘பா’வில் திடீரென்று எழும். அந்தத் தட்டையான இடத்தில் நடிப்பவரின் உதடுகள் மூடியிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எத்தனை ஃபிரேம் தள்ளி மூடுகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள படத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி. ஒரு ஃபிரேம் விலகலை எவரும் கவனிப்பதில்லை. நான்கைந்து ஃபிரேம் ஆனால் அனைவருக்கும் தெரியும்.

மூன்று இடங்களிலும் ஒரே அளவு விலகல் என்றால்: ஒலியைப் படத்திலிருந்து பிரித்து, எண்ணிய அளவு ஃபிரேம் முன்னோ பின்னோ நகர்த்தி, மீண்டும் இணைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகல் கூடுகிறது என்றால்: ஒலியை நகர்த்தாதீர்கள். எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு நிமிட உரையாடல் ஒன்றில் முதல் நிமிடம் துல்லியமாக இருந்தது. இறுதியில் குரல் ஒரு நொடி பிந்தியது. இருபது இடங்களில் வெட்டி வெட்டி ஒலியை இழுத்துப் பொருத்தினேன். இரண்டு மாலைகள் கழிந்த பிறகும் இடையிடையே பிசகியது. காரணம் கைப்பேசியின் பதிவு முறை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நொடிக்கு 30 ஃபிரேம் என்பதைக் கைப்பேசி கூட்டிக் குறைத்துக்கொள்ளும். திரைப்பதிவு மென்பொருளும் அப்படியே. எளிய எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டால் படம் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் நகர்ந்துவிடும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கிளிப்பைத் திறந்தால், ஃபிரேம்ரேட் மோட் என்ற வரியில் ‘வேரியபிள்’ என்று எழுதியிருக்கும். ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 25 அல்லது 30 என்று எண்ணையும் குறிப்பிட்டு மாற்றுங்கள். பிறகு டைம்லைனில் உள்ள கிளிப்புக்கு இந்தப் புதிய கோப்பின் இடத்தைக் காட்டுங்கள். ஏற்கெனவே செய்த வெட்டுகள் ஓரிரு ஃபிரேம் பிசகியிருக்கலாம். ஒருமுறை ஓட்டிச் சரிபாருங்கள். நான் இப்போது கைப்பேசிக் காட்சி எதையும் இப்படி மாற்றாமல் டைம்லைனில் வைப்பதில்லை.

ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்திருந்தால்: இரண்டு கருவிகளின் கடிகாரமும் மிகச் சிறிதளவு வேறுபடும்; ஐந்து நிமிடக் காட்சியில் தெரியாத வேறுபாடு ஒரு மணி நேரப் பதிவில் தெரியும். பேச்சு நிற்கும் இடைவெளிகளில் ஒலியை வெட்டி மீண்டும் பொருத்துவதே எளிய தீர்வு. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன் ஒருமுறை கை தட்டினால், உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமும் ஒலியலையில் எழும் கூர்முனையும் பொருத்துவதற்கு அடையாளமாகும்.

அறிகுறி 4: ப்ரிவியூ (எடிட்டிங்கின்போது பார்க்கும் முன்னோட்டம்) திக்கித் திக்கி ஓடுகிறது

எக்ஸ்போர்ட் செய்த படமும் திக்குகிறதா என்று முப்பது நொடிப் பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது சீராக ஓடினால் படத்தில் பிழையில்லை, கணினிதான் திணறுகிறது.

பிரௌசரையும் பிற நிரல்களையும் மூடுங்கள். ப்ரிவியூ தரத்தைப் பாதியாகவோ கால்பங்காகவோ குறையுங்கள். இதனால் இறுதிப் படத்தின் தரம் குறையாது. மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகுங்கள், பேட்டரியில் ஓடும்போது பல கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காட்சிகள் 4கே அளவில் இருந்தால், அவை 1920×1080 அளவைப்போல நான்கு மடங்கு புள்ளிகளைக் கொண்டவை. ஷாட்கட், கேடென்லைவ் போன்றவற்றில் உள்ள ‘புராக்ஸி’ வசதியை இயக்கினால், வெட்டும் வேலைக்குச் சிறிய பிரதியையும் எக்ஸ்போர்ட்டுக்கு மூலத்தையும் மென்பொருளே பயன்படுத்திக்கொள்ளும். பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி., அடுத்து 16 ஜிபி ராம் என்ற வரிசையில் செல்லுங்கள். பத்து நிமிட வேலைக்குப் பிறகு விசிறி இரைந்து கணினி தானாக அணைந்தால், அது எடிட்டிங் பிரச்சினை அல்ல, சூட்டுப் பிரச்சினை. கணினியைத் திறந்து தூசி நீக்கத் தெரிந்த பழுதுநீக்குநரிடம் கொடுங்கள்.

அறிகுறி 5: எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடுகிறது

சேமிக்கும் டிரைவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் 1080 படம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி எடுக்கும். பத்து நிமிடம் 600 எம்பி. ஆனால் மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளைப் பெரும்பாலும் ‘சி’ டிரைவில் எழுதுவதால், அங்கேயும் சில ஜிபி காலியாக இருக்க வேண்டும். கோப்பின் பெயரிலும் ஃபோல்டரின் பெயரிலும் தமிழ் எழுத்தோ சிறப்புக் குறிகளோ இருந்தால் சில மென்பொருள்கள் தடுமாறும். எளிய ஆங்கில எழுத்துப் பெயரில் சேமித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நிற்கிறது என்றால்: நல்லதாகப் போயிற்று. பிழை எங்கே என்று மென்பொருளே காட்டிவிட்டது. பத்து நிமிடப் படம் 43 சதவீதத்தில் நின்றால், ஏறத்தாழ 4 நிமிடம் 18 நொடியில் உள்ள கிளிப்பைப் பாருங்கள். நான் பார்த்தவரை அங்கே மூன்றில் ஒன்று இருக்கும்: பழுதான கிளிப், இரண்டு கிளிப்புக்கு நடுவே செருகிய கனமான மாற்றக் காட்சி, அல்லது மிகப் பெரிய புகைப்படம். 1920×1080 திரைக்கு ஏறத்தாழ 2 மெகாபிக்சல் போதும். அதில் 48 மெகாபிக்சல் படங்களை நாற்பது வைத்தால் கணினியின் நினைவகம் நிரம்பிவிடும். படங்களைச் சிறிதாக்கி மாற்றுங்கள். எது என்று தெரியவில்லை என்றால், முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முடிந்தால் பிழை மறுபாதியில் உள்ளது. அந்தப் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். நான்கைந்து முறை பாதியாக்கினால் பிழையுள்ள கிளிப் கைக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்றால்: கிளிப் காரணமல்ல. எக்ஸ்போர்ட் அமைப்பில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ (கிராஃபிக்ஸ் சிப்பின் துணையோடு வேகமாக்கும் வசதி) என்பதை அணைத்துவிட்டு முயலுங்கள். நேரம் கூடினாலும் பெரும்பாலும் முடிந்துவிடும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்படியும் நின்றால் சூடும் நினைவகமும் சோதிக்கப்பட வேண்டும். அது கணினி பழுதுநீக்குநரின் வேலை. ஹார்டு டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்டால் எக்ஸ்போர்ட்டை மறந்துவிட்டுக் கணினியை உடனே அணையுங்கள். உங்கள் மூலக் காட்சிகளே ஆபத்தில் இருக்கின்றன.

அறிகுறி 6: படம் மங்கலாக, பட்டையோடு அல்லது வெளிறித் தெரிகிறது

இருபுறமும் கறுப்புப் பட்டை என்றால் செங்குத்தாக எடுத்த கிளிப்பைக் கிடைமட்டப் புராஜெக்ட்டில் வைத்திருக்கிறீர்கள். முழுப் படமும் செங்குத்தாக இருக்கலாமா என்று முடிவு செய்து, அதற்கேற்பப் புராஜெக்ட் அளவை 1080×1920 என்று மாற்றுங்கள். இல்லையெனில் கிளிப்பைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டுங்கள்.

மங்கலுக்கு மூன்று காரணங்களைப் பாருங்கள். எக்ஸ்போர்ட் அளவு 720 என்று இருக்கிறதா? பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு) மிகக் குறைவா? நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள 1080 படத்துக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேம் என்றால் 12 மெகாபிட் என்பது யூடியூப் பரிந்துரைக்கும் அளவு. மூலக் கிளிப்பே வாட்ஸ்அப் வழியாக வீடியோவாக வந்ததா? அப்படியானால் அது வழியிலேயே சுருக்கப்பட்டுவிட்டது. எடுத்தவரிடம் மூலக் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். யூடியூபில் ஏற்றிய உடனே மங்கலாகத் தெரிந்தால் காத்திருங்கள், உயர்தரப் பதிப்பு சற்றுப் பிந்தித்தான் தயாராகும்.

நிறம் வெளிறியிருந்தால் கைப்பேசியின் ஹெச்.டி.ஆர். (வெளிச்சத்திலும் நிழலிலும் கூடுதல் விவரம் காட்டும் முறை) பதிவைச் சந்தேகியுங்கள். 2020இல் வந்த ஐஃபோன் 12 முதல் இது பரவலாகக் காணப்படும் சிக்கல். படமெடுக்கும்போதே ஹெச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிடுவது நல்லது. விளக்கொளியில் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால், ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) மின்சாரத்தோடு பொருந்தவில்லை: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/120 வையுங்கள். எடுத்து முடித்த காட்சியில் இதை எளிய மென்பொருளால் நீக்க முடியாது. மீண்டும் எடுப்பதே எளிது.

அறிகுறி 7: பேச்சு சரியாகக் கேட்கவில்லை

இசை பேச்சை மூழ்கடித்தால், பேச்சு வரும் இடங்களில் இசையைப் பேச்சைவிட 15 முதல் 20 டெசிபெல் கீழே இறக்குங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டால், மைக்கின் ஒலி ஒரு பக்கத் தடத்தில் மட்டும் பதிவாகியிருக்கிறது. அதை மோனோவாக (இரு காதுக்கும் ஒரே ஒலியாக) மாற்றுங்கள்.

ஹெட்போனில் நன்றாகக் கேட்கும் குரல் கைப்பேசி ஸ்பீக்கரில் மட்டும் மறைந்துபோவது பலரை அதிர வைக்கும் கோளாறு. இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று எதிராகப் பதிவாகி, ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டில் ஒரு தடத்தை நீக்கிவிட்டு மற்றொன்றை இருபுறமும் வைத்தால் குரல் திரும்பிவிடும். படத்தை வெளியிடுவதற்கு முன் கைப்பேசி ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குரல் கரகரவென்று உடைந்தால் ஒலியலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முனைகள் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால், ஒலி பதிவிலேயே கெட்டுவிட்டது. சத்தத்தைக் குறைத்தாலும் அந்த உடைவு போகாது. பேசியவரையே மீண்டும் பேசவைத்துப் பதிவு செய்வது முதல் வழி. அது இயலாத, இழக்கக்கூடாத பேச்சு என்றால் மட்டும் ஒலிப்பொறியாளரை நாடுங்கள். மூலக் கோப்பைச் சுருக்காமல் கொடுங்கள்.

அறிகுறி 8: தலைப்பில் தமிழ் எழுத்துகள் சிதைகின்றன

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை, நிர்மலா யு.ஐ., லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றுங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துமுறையில் தட்டச்சு செய்யப்பட்டது. ஒருங்குறிக்கு மாற்றியே ஒட்ட வேண்டும். எழுத்துரு சரியாக இருந்தும் ‘தொடக்கம்’ என்பதில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் ‘த’வை விட்டு விலகி, நடுவே புள்ளி வட்டத்தோடு நின்றால், மென்பொருளின் தலைப்புக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. அதனோடு போராட வேண்டாம். தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக 1920×1080 அளவில் சேமித்து, டைம்லைனில் காட்சிக்கு மேல் தடத்தில் வைத்துவிடுங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து குலையாது.

அறிகுறி 9: முடிந்த படம் மற்றவரிடம் ஓடவில்லை, பென் டிரைவில் ஏறவில்லை

புராஜெக்ட் கோப்பையே படம் என்று அனுப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். சில கேபி அளவே இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஓடாத படம் தொலைக்காட்சிக்கானது என்றால் ஹெச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் கொண்ட எம்.பி.4 கோப்பாக மீண்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெரும்பாலான கருவிகள் அதை ஏற்கும். இடம் இருந்தும் பென் டிரைவ் கோப்பை மறுத்தால், அது ஃபேட்32 எனும் பழைய சேமிப்பு முறையில் இருக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். சில பழைய தொலைக்காட்சிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை என்பதால், திரையிடும் கருவியில் முன்கூட்டியே செருகிப் பாருங்கள். அங்கே படிக்கவில்லை என்றால் பென் டிரைவை மீண்டும் ஃபேட்32 ஆக்கி, பிட்ரேட்டைக் குறைத்து 4 ஜிபிக்குள் அடங்கும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.